நாலு வளைவு

எட்டுப் பேர் சைக்கிளில். மூச்சு அவர்களுடையது;
வாழைப்பழமும் மழைக்கோட்டும் என் வேனில்.
பல் வைத்தியர் டோர்பன் மட்டும்
மாட்டுக்கொட்டகைத் திருப்பத்தில் கால் ஊன்றிவிட்டார்.
"இன்னும் எவ்வளவு, மைலிஸ்?"
"நாலு வளைவுதான்" என்றேன்.
ஒன்பது.
போன மாதமும் அதே நாலுதான் சொன்னேன், வேறொருவரிடம்.

உச்சியைத் தொட்டுவிட்டு
அதே கொட்டகைக்கு இறங்கி வந்ததும்
போலீஸ் பாதையை அடைத்தது.
பிறகு பிரனீஸ் வெயில், ஆட்டுப்பால் சீஸ்,
பிக்சென்த்தின் ரேடியோவில் கரகரப்பு.
யாரோ தாரில் சுண்ணாம்பால் எழுதிய பெயரை
ஒரு ஆடு கடைசி எழுத்திலிருந்து நக்கிக்கொண்டு வந்தது.

மூன்று மணி நேரம்.
பள்ளத்தாக்கிலிருந்து ஹெலிகாப்டர் எழுந்தது,
கூட்டமும் எழுந்தது,
வந்தார்கள்
சங்கிலி உரச, கன்னம் ஒட்ட
போய்விட்டார்கள்.
டோர்பன் செல்போனைப் பார்த்தார்:
யாருடைய முழங்கையோ.

எல்லாரும் நாற்காலி மடக்கும்போது
கடைசியாக ஒருவன்.
முட்டியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.
பின்னால், துடைப்பம் கட்டிய வண்டி
அவசரமே இல்லாமல்.
எதையோ கேட்டான். எந்த மொழியோ.

நான் வாய் திறக்குமுன்
டோர்பன் ஓடினார் அவன் பக்கத்தில்,
ரப்பர் செருப்பில், தொந்தி குலுங்க,
நாலு விரலைத் தூக்கிக் காட்டியபடி.