பத்தில் ஒரு பங்கு

பஹாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
சலவைக்கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில்
ஒடுங்கிய படியேறினால் வெய் சியாங்கின் கடை.
செருப்பை வெளியே விடச் சொல்வான்.
கண்ணாடிக்குள் சக்கரங்கள், சக்கரங்கள்.

லோஷினி மூக்கை ஒட்டி நின்றாள்.
மூச்சு வட்டமாய்ப் படிந்து
ஒரு நீல வண்டியை மறைத்தது, மறுபடி காட்டியது.

நான் ஆலையில் எடைப்பாலம் பார்ப்பவள்.
குலையோடு வரும் லோரி, குலை இறக்கிப் போகும் லோரி,
கழித்தால் வருவதுதான் என் பன்னிரண்டு வருஷம்.
அந்தப் பழக்கத்தில்
கீழ்த்தட்டுப் பச்சை வண்டியைக் கையில் தூக்கிப் பார்த்தேன்,
பூசணிக்காய் வாங்குகிறவள் போல.
"ஒன்றரைக் கிலோவுக்கு மேலே, கொஞ்சம்."
வெய் சியாங் பெட்டியைத் திருப்பிப் படித்தான்:
ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது கிராம்.
அதன்பிறகு கொஞ்சம் மரியாதையாகப் பேசினான்.

நீலம் பிரஷ் இல்லாத மோட்டார், அறுபதில் பறக்கும்.
பச்சை பிரஷ் மோட்டார்.
மெதுவானது, புதுக் கைகளை மன்னிக்கத் தெரிந்தது.
"அறுபதா!" என்றாள் லோஷினி.
"நம்ம காடியே தீம்பார் ரோட்டுல அறுபது போனதில்ல."

பின்சக்கரம் மட்டும் தள்ளுவதும் உண்டு,
நாலும் இழுப்பதும் உண்டு என்றான்.
மழை விட்ட மறுநாள்
செம்பனை நிரைகளுக்கிடையே, டிராக்டர் பதித்த பள்ளத்தில்,
இரண்டு சக்கர நம்பிக்கை என்ன ஆகும் என்று
எனக்குத் தெரியாதா?
புதைந்து, இழுபட்டு, இருட்டியபின் என் பாலமேறும் லோரிகள்.
ஓட்டுநர்களின் கெட்ட வார்த்தைகள்.
நாலு, என்றேன்.

நீலம் அறுநூற்று நாற்பது வெள்ளி. பச்சை நானூற்றுப் பத்து.
கைப்பையில் இருந்தது நானூற்றைம்பது.
அதைச் சொல்லாமல் அவளைப் பார்த்தேன்.

போன தீபாவளிக்குப் பேரங்காடியில் எழுபது வெள்ளிக்கு ஒன்று.
மூன்றாம் நாள் கால்வாய்ச் சுவரில் மோதி அச்சு முறிந்தது.
ஒட்ட இடமில்லை, மாற்ற உதிரியில்லை.
இன்னும் காலணிப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறாள்.

அதனால் அவள் கேட்டது ஒன்றே,
என்னிடமில்லை, அவனிடம், மலாயில்:
"இது உடைஞ்சா எதை மட்டும் வாங்கணும்?"

வெய் சியாங் ஒரு இழுப்பறையைத் திறந்தான்.
சின்னச் சின்னப் பைகள். முன்கை பதினொரு வெள்ளி,
பல்சக்கரம் ஒன்பது,
திருகாணி ஒரு பிடி சும்மா.
நீலத்துக்கு?
சொல்லி வரவழைக்க மூன்று வாரம்.

கண்ணாடியில் மூச்சு வட்டம் காய்ந்திருந்தது.
அவள் பச்சையைத் தூக்கிக்கொண்டாள்.

ஞாயிறு. ஆலைக்குப் பின்னால் பந்துத் திடல்.
சார்ஜ் ஏறும்வரை பக்கத்திலேயே இருக்கவேண்டுமாம்;
இருந்தோம், பசியாறாமல்.

விலகிப் போகும்போது எனக்குச் சுலபம்.
என்னை நோக்கித் திரும்பியதும்
இடம் வலமாகிறது, வலம் இடமாகிறது,
கை பதறுகிறது. கணுக்காலில் மோதி நின்றது.
"இங்க நிக்காதம்மா," என்றாள் அவள்.
"உள்ளே ஏறி உட்காரு."
ஒன்பது வயது, ஏதோ வெகு சாதாரணமான விஷயம் போல.
ஏற முயன்றேன். கோல்கம்பத்தில் விட்டேன்.
டக்.
இருவரும் ஒரே நேரத்தில்:
"முன்கை. பதினொரு வெள்ளி."

இரவு, மாவு நிறுக்கும் தராசில் வைத்தோம்.
சேற்றோடு ஆயிரத்து அறுநூற்று முப்பது.
பழைய பல்துலக்கியால் தேய்த்து,
மோட்டாரில் ஈரம் படாமல் துடைத்து, மறுபடி வைத்தோம்.
சீட்டின் பின்புறம் அவளே கழித்தாள்,
எண்பத்தொன்பது கிராம் செம்மண்.

பிறகு பென்சிலைக் கடித்தாள்.
"அம்மா, பெட்டியில போட்டதைவிட ஒம்பது குறையுது."
முறிந்த முனை. திடலில் எங்கோ கிடக்கும்.
புதிதே வாங்கப்போகிறோம், அது எதற்கு என்றேன்.
கணக்கு இடிக்குதே, என்றாள்.

பன்னிரண்டு வருஷமாய் நான் சொல்லும் வசனம்.

டார்ச்சை எடுத்தேன்.