கசிவு

கிரெனோபிளில் பிப்ரவரி. பெல்தோன் மலையின் பனி
இரவிலும் கொஞ்சம் நீலம்.
தொழிற்பேட்டையில் ஜன்னலில்லாத ஓர் அறை.
இஸோர் பெரூயே தன் வலது கையுறையைக் கழற்றிச்
சோதனைப் பெட்டிக்குள் வைக்கிறாள்:
சிவப்புக் கம்பளி, கட்டைவிரலில் ஓட்டை.
(இடது கையுறை போன வாரம் டிராமில் தொலைந்தது.)

புதுச் சில்லின் ஒவ்வொரு கண்ணும்
அரை மைக்ரானைச் சற்றே தாண்டும் அகலம்.
சிவப்பின் ஓர் அலையோ அதைவிட நீளம்,
கட்டிலுக்கு வெளியே கால் நீளும் விருந்தாளி.
"வாசலைவிடப் பெரிய ஆளை
வாசல் வழியே எப்படி அழைப்பது?"
அவள் கேட்டபோது, வாய் நிறைய ரொட்டியோடு
ஒரேலியன் சொன்னான்:
"உள்ளே வந்துவிட்டால் சுருங்கிவிடும்,
சிலிக்கன் அப்படி, நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும்.
தவிர, உன் வேலை அழைப்பதல்ல.
எண்ணுவது."

எண்ணினாள்.
நீலம் உள்ளே கால் வைத்ததுமே செலவழிந்துவிடுகிறது,
பை நிறையக் காசோடு சந்தைக்கு வந்த பிள்ளை மாதிரி.
சிவப்பிடம் சில்லறைதான்.
ஆழம்வரை நடக்கிறது, எதையும் வாங்காமல்,
சுவர் எங்கே மெலிகிறதோ அங்கே திரும்பிப்
பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது.
கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே
அகழி வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.
இருந்தும், பச்சைக்கென்று ஒதுக்கிய கண்ணில்
கையுறையின் சிவப்பு.
அறிக்கையில் ஒரு கட்டம் காலி: கசிவு, சதவீதத்தில்.
ஒன்பது என்று அடித்தாள்.

பிறகு, யாரும் கேட்காமலே,
சில்லைக் குளிரவைத்து விளக்கைக் குறைத்தாள்.
இன்னும்.
இன்னும்.
திரையில் கையுறை மணல் மணலாய் உதிர்ந்தது.
ஒரே கம்பளி, ஒரே நொடி,
ஒரு கண்ணில் மூன்று, அடுத்ததில் பூஜ்யம்,
அதற்கடுத்ததில் ஐந்து.
பச்சைக் கண்ணில்
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்,
ஒன்று.

எந்தக் கண்ணும் எந்நேரமும்
ஒன்பது சதவீதச் சிவப்பை வாங்கியதேயில்லை.
கிள்ளிக் கொடுக்க வராது அதற்கு.
வழியெல்லாம் அலையாய் அலைந்தது,
எங்கும் இருக்கலாம் என்பதுபோல்;
வந்து சேர்கையில் ஒற்றை ஆள்,
முழு ஆள்,
தவறிய வாசலில்.
ஒளி என்ற சொல்லுக்கே
ஒளிந்துகொள் என்றும் பொருள் சொல்லும் மொழி ஒன்று
இவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்
அந்த ஒன்று வெளிப்பட்டபோது
கொஞ்சம் சிரித்திருப்பாள்.

நாலு மணிக்கு வீடு. ஃபொந்தேனில் நாலாம் மாடி.
தபால் பெட்டியில் எதிர்ச்சுவர்க்காரர் பெயர் ஸெர்கூன்.
ஆளைப் பார்த்ததில்லை.
நாலு இருபதுக்குக் காப்பிப் பாத்திரம் சீறும்,
ஒரு இழுப்பறை, ஒரு இருமல்.
டிசம்பரில் கட்டட நிர்வாகத்துக்கு எழுதியிருந்தாள்:
"சுவர் வழியே சத்தம் கசிகிறது."
பதில் வரவில்லை.
(அவர் டிராம் ஓட்டுபவராயிருந்து,
காப்பி மேசையில் ஒரு சிவப்புக் கையுறையும் இருந்தால்
இது நன்றாக முடியும். அப்படியெல்லாம் எதுவும் தெரியாது.
சத்தத்தை வைத்து யாரும் தொழில் சொல்லமுடியாது.)

கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.
விறைத்த இடது கையைச் சுவரில் வைத்தாள்.
நாலு இருபது. நாலு இருபத்தொன்று.
பாத்திரம் சீறவில்லை.
பூஜ்யம்.
நாலு இருபத்தாறுக்கு
அந்தப் பக்கம் ஒரு கரண்டி கோப்பையைத் தொட்டது.

ஒன்று.

விளக்கைப் போடாமல்
இரண்டாவதற்குக் காத்திருந்தாள்.