ஒரு லைனை மட்டும்

"உங்கட வேலை என்ன?" என்றார் டொக்டர் ஷிஃபானா,
ஜெல் பூசிய கருவியை என் விலாவுக்குக் கீழே அழுத்தியபடி.
கரண்ட் வேலை, டொக்டர். கம்பத்தில் ஏறுகிற ஆள்.
கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, துறைமுகத்து மதில் வரைக்கும்
இருபத்திரண்டு வருஷம்.
"அப்ப உங்களுக்கு லேசா விளங்கும்.
ஊர் முழுக்க நிப்பாட்டினா அது மயக்கம்.
இது ஒரு ஒழுங்கைக்குப் போற லைனை மட்டும்."

திரையைத் திருப்பிக் காட்டினார்.
என் வயிறு சாம்பல் நிறத்தில் கிடந்தது,
ஒன்றன்மேல் ஒன்றாய் விரித்த மூன்று பாய்.
கடைசி இரண்டுக்கும் நடுவில்தான் நரம்பு ஓடுதாம்.
எனக்குத் தெரியவில்லை.
கம்பி தெரியாத இடத்தில் கை வைக்காதே என்று
பழக வந்த பெடியன்களை ஏசியிருக்கிறேன்.
ஊசி சரிவாக வந்தது, ஒரு வெள்ளைக் கோடு.
மருந்து இறங்க
பாய்கள் விலகி நடுவில் ஒரு கறுப்பு,
கண்விழி மாதிரி மெல்லத் திறந்தது.
மற்றப் பக்கமும் அப்படியே.

பிறகு முகமூடி.
பிறகு ஊரே இருட்டு.

விழித்தபோது பின்னேரம். வயிற்றில் நாலு பிளாஸ்டர்.
சின்னப் போத்தலில் கற்கள், பதினொன்று.
யூஜினி எண்ணி வைத்திருந்தாள்.
"கடலைப்பருப்பு அளவு. இதுக்கா இவ்வளவு கூத்து."
"ரிதெனவாத?" என்று மிஸ் வந்தாள்,
பத்துக்கு எத்தனை என்று விரல் காட்டினாள்.
இரண்டு.
பிளாஸ்டரைச் சுற்றித் தட்டிப் பார்த்தேன்:
டெஸ்டர் வைத்தும் எரியாத கம்பி.

ஆனால் வலது தோள்!
யாரும் தொடாத தோள். அதற்கு ஆறு.

டொக்டர் மாலையில் வந்து சொன்னார்:
வயிற்றை ஊத வைத்த காற்று கொஞ்சம் மிச்சம்,
மேலே போய் நெஞ்சின் அடித்தட்டில் முட்டுது,
அந்தத் தட்டின் நரம்பு கழுத்திலிருந்து வருவது,
அதனால்தான் தோள் கத்துது.
"அது வேற லைன். நான் நிப்பாட்டினதில அது இல்லை."

இது எனக்குப் புதிதா?
ஜம்பட்டா வீதியில் பல்ப் மினுங்குது என்று முறைப்பாடு வரும்.
ஏணியோடு போய் அரை நாள் தேடினால்
பிழை ஆட்டுப்பட்டித்தெருவில் இருக்கும்.

பக்கத்துக் கட்டில், அவிசாவளை லெனரோல்.
எனக்கு நடந்த அதே ஒப்பரேஷன், மத்தியானத்துக்குப் பிறகு.
அதற்குள் அந்த மெஷினை
மகப்பேற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம்.
வார்டுக்கு ஒன்றுதானே.
அவருக்குத் தொடையில் ஊசி போட்டார்கள்.
வாந்தி எடுத்தார். இருமும்போது தலையணையைக்
குழந்தையைப்போல வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.
"உங்களுக்கு நோகலையா, தம்பி?"
உடைந்த தமிழில் கேட்டார்.
நோகுது ஐயா, என்றேன். ஐந்து, ஆறு.
தோளின் கணக்கை வயிற்றில் எழுதினேன்.

கரண்ட் வெட்டிய அந்த வருஷம்
பட்டியல் என் கையில்தான் வரும்.
இன்ன தெரு, இன்ன மணி.
சில தெருக்களின் பெயர் அதில் வந்ததே இல்லை.
ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.
சுவிட்சை இறக்கினேன், கையெழுத்து வைத்தேன்,
வீட்டுக்குப் போய் மெழுகுதிரியில் சோறு தின்றேன்.

விடியப்புறம் மூன்றரை.
மருந்து தீர்ந்துகொண்டு வந்தது.
முதலில் தொப்புள் ஓரம். பிறகு விலாவுக்குக் கீழ்.
ஒவ்வொரு வீடாய்.
லெனரோல் அப்போதுதான் உறங்கியிருந்தார்,
வாய் திறந்தபடி.
மணியை அழுத்தினால் மிஸ் வருவாள்,
லைட்டும் போடுவாள்.
விரல் மணிமேல் இருந்தது.

கரண்ட் வந்தவுடன் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம்
ஒரே குரலில் "ஆ" என்று கத்துவார்கள்.
நானும் சொன்னேன்,
மெதுவாக,
தலையணைக்குள்.