அடித்தல் திருத்தல்

மஞ்சக்குப்பம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
இருபத்தேழு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
விற்பவர் இன்னார், வாங்குபவர் இன்னார்,
கிழக்கே வாய்க்கால், மேற்கே மேற்படியார் மனை.
நடந்து முடிந்ததைத்தான் எழுதுவது வழக்கம்.
நடக்கப்போவதை எழுதியது
ஒரே ஒருமுறை.

குத்துச்சண்டைக் கழகச் செயலாளர் ஞானப்பிரகாசம்
சான்றிதழ்களை உருட்டிக்கொண்டு வந்தார்.
"அஞ்சரைக்கு விருந்தினர் கிளம்பிடுவாரு.
பேரெல்லாம் இப்பவே எழுதிடுங்க."
"சண்டையே இன்னும் நடக்கலையே சார்?"
"நாப்பத்தெட்டு கிலோ பொண்ணுங்கள்ல
நெய்வேலி பிரிசில்லாதான். மூணு வருஷமா அதுதான்.
எதிர்ல நிக்கிறது சோனங்குப்பத்துப் புள்ள.
ஒரு ரவுண்டு தாங்குனா பெரிசு."

எழுதினேன்.
முதலிடம்: பிரிசில்லா.
கட்டை நிப்பில், கறுப்பு மையில்,
சுழியெல்லாம் கொஞ்சம் கூடுதலாக இழுத்து.
என் கையெழுத்தில் எனக்குக் கர்வம் உண்டு.
இரண்டாமிடத்துக்கு
சீட்டில் இருந்தபடி
அஞ்சலை.
அதில் சுழி எதுவும் இழுக்கவில்லை.

மை காயட்டும் என்று
ஹாலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பிரிசில்லாவுக்குப் புது ஷூ, பூத்துண்டு,
காதோடு பேச ஒரு கோச்.
அஞ்சலைக்கு இரவல் கையுறை.
இடது கைக் கயிறு அறுந்துபோய்
வலை நூலால் கட்டி, மேலே டேப் சுற்றியிருந்தது.
அவள் மூலையில்
தண்ணீர் பாட்டிலோடு தம்பி ஒருவன்,
எட்டாவது படிக்கலாம்.
"ஓ.டி. ஐஸ் பிளாண்ட்ல நைட் ஷிப்ட் முடிச்சு
நேரா வந்திருக்கு" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.
"பார் தூக்குற கைதான். ஆனா
தூக்குறது வேற, குத்துறது வேற."

மணி அடித்தது.

பிரிசில்லா ஆடினாள். அழகான ஆட்டம், பொய் சொல்லக்கூடாது.
தொட்டாள், விலகினாள், தொட்டாள்,
நடுவர்களின் விரல்கள் அவள் பக்கமே அசைந்தன.
அஞ்சலை நடந்தாள்.
அவ்வளவுதான், நடந்தாள்.
பாதத்தைத் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து,
ஈரத் தரையில் ஐஸ் பாரோடு போகிறவளின் நடை.
கயிற்றோரம் வரை நடந்தாள்.
அங்கே பிரிசில்லாவுக்கு
விலக இடமில்லை.

விலாவில் இடது.
குனிந்த முகத்துக்கு வலது.

எட்டு எண்ணினார் நடுவர். எழுந்தாள்.
மறுபடி விலாவில், மறுபடி முகத்தில்.
இந்த முறை உட்கார்ந்தேவிட்டாள்,
பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளைப் போல.
ஒரு நிமிடம் ஐம்பது நொடி.
கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.
ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு பின்னாலிருந்து ஒரே ஒரு விசில்.

ஞானப்பிரகாசம் என்னைப் பார்த்தார்.
நான் என் நிப்பைப் பார்த்தேன்.
வேறு தாள் இல்லை, எண்ணி அச்சடித்தது.
"பிளேடால சுரண்டிடுங்களேன்."
சுரண்டக்கூடாது. எங்கள் தொழிலில் அது மோசடி.
ஒற்றைக் கோடு. அடியில் இருப்பது படிக்க வேண்டும்.
மேலே புதுப் பெயர்.

"அஞ்சலைதானேம்மா?"
"அஞ்சலாட்சி. முழுசா எழுதுங்க."
எழுதினேன். இருந்த சுழியையெல்லாம் போட்டு.
அவள் கோடு விழுந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இது யாரு அடிச்சது?"
"நான்தாம்மா."
"இல்ல" என்றாள்,
உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தபடி.

விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தபடியே கையெழுத்திட்டார்.
கை பழக்கம் எனக்கு விடவில்லை.
அடி ஓரத்தில் பொடியாக:
மேற்படி சான்றில் இரண்டாம் வரியில்
ஒரு பெயர் அடித்து ஒரு பெயர் எழுதியது சரி.
சாட்சிகள்:

தம்பி போட்டான், பெரிய எழுத்தில், இனிஷியலோடு.
இன்னொரு ஆள் வேண்டும் என்றேன்.
ஞானப்பிரகாசம் செல்போனை எடுத்துக்கொண்டு
அந்தப் பக்கம் போய்விட்டார்.

பிரிசில்லா எழுந்து வந்தாள்.
ஒரு கண் பாதி மூடியிருந்தது.
பேனாவை வாங்கினாள்.
கட்டுப் பிரிக்காத விரல்களில் அது
இரண்டு முறை வழுக்கியது.