ஒற்றைத் தடம்

காலை ஆறரைக்கு ஹார்லோ கிரீக் நெடுஞ்சாலையில்
மூன்றாவது கூம்புக்கு அருகில் என் இடம்.
ஆரஞ்சு அங்கி, தலைக்கவசம், கையில் கழி.
கழி நுனியில் பலகை.
ஒரு முகம் சிவப்பு: நில்.
மறுமுகம் ஆரஞ்சு: மெல்லச் செல்.
பாத்திரம் கழுவும் இயந்திரங்களுக்குப்
பத்தொன்பது வருடம் கதவு மாட்டிய கை இது.
ஆலை மெக்சிகோவுக்குப் போன பிறகு
எழுபத்தோரு வாரம்
உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திட்ட கையும் இதுதான்.

எனக்குப் பின்னால் இன்னொரு பலகை, பச்சை,
கட்டில் அகலம்:
மீட்புச் சட்டத்தின் பணத்தில் இச்சாலை போடப்படுகிறது.
அந்தத் தகரத்துக்கு மட்டும் எவ்வளவு ஆயிற்று என்று
என் கொழுந்தன் ஓரினுக்குத் தெரியும்,
சில்லறை வரைக்கும்.

ஏழேகாலுக்கு அவன் வண்டி வரும்.
நிறுத்துவேன். கண்ணாடி இறங்கும்.
"மார்வா, இன்னிக்கு யார் காசைத் தின்னுக்கிட்டு நிக்கிறே?"
"உன் காசைத்தான். உப்பு கொஞ்சம் கம்மி."

எதிர்த்திசை வண்டிகள் கடக்க நான்கு நிமிடம் ஆகும்.
நான்கு நிமிடத்துக்குள்
ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே பேசி முடித்துவிடலாம்.

சந்தை தானாக எழுந்துகொள்ளும் என்பான்.
அது எழுகிற வரைக்கும்
வீட்டுக் கடன் தவணை தூங்குமா என்பேன்.
பேரப்பிள்ளைகள் தலையில் ஏற்றும் கடனைத்தான்
உருக்கித் தாராக ஊற்றுகிறீர்கள் என்பான்.
அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு எதில் போவார்களாம் என்பேன்.
ஒருநாள் மட்டும் குரலை உயர்த்தாமல் சொன்னான்:
"வெள்ளிக்கிழமை வந்தா ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்கிறேன்.
என் டயர் கடை வாசல்ல
யாராவது பச்சைப் பலகை நட்டாங்களா?"

வாக்கி டாக்கி கரகரத்தது.
பலகையைத் திருப்பினேன்.
மெல்லச் செல் அவனுக்கு.
என் பக்கம் நில்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிடுவோம்.
ஆனாலும் அது மேசைக்கு வந்துவிடும்.
உதவித்தொகையை நீட்டும் மசோதா செனட்டில் விழுந்த வாரம்
ஓரின் கைதட்டவில்லை, சரி,
ஆனால் ரொட்டியில் வெண்ணெயை ரொம்ப நேரம் தடவினான்.
என் கணவர் டெல் எந்தக் கட்சியும் இல்லை.
"உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு" என்பதுதான்
அவர் கொள்கை விளக்கம்.

ஆகஸ்டில் ஒருநாள் உச்சி வெயிலில் வந்தான்,
அது அவன் வரும் நேரமே இல்லை.
பக்கத்து இருக்கையில் லானி விராபெல்,
டயர் மாற்றுகிறவன்,
மடியில் சாப்பாட்டுப் பெட்டியைக் குழந்தை மாதிரி பிடித்திருந்தான்.
ஓரின் ஸ்டியரிங்கைப் பார்த்துக் கேட்டான்:
"ஃபோர்மேன் எங்கே இருப்பார்?"

ஏப்ரலிலிருந்து சாணை பிடித்து வைத்திருந்த
ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.
விழுங்கினேன். இனிக்கவில்லை.
தண்ணீர் லாரிக்குப் பின்னால், என்று
கழியால் காட்டினேன்.

லானிக்கு ஒன்பது வாரம் மண்வெட்டி வேலை கிடைத்தது.

அக்டோபரில் மஞ்சள் கோடு போட்டு முடித்தார்கள்.
அழகான சாலை. பொய் சொல்லக்கூடாது,
காபி சிந்தாமல் போகலாம்,
பூட்டிய ஆலை வாசல் வரைக்கும்.
பச்சைப் பலகையைப் பிடுங்க இரண்டு பேர் வந்தார்கள்.
ஒரு மணி நேரம். அதற்கும் கூலி உண்டு.
நான் எழுபத்திரண்டாவது வாரத்திலிருந்து
மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

நேற்று தபால் நிலைய வாசலில் ஓரினைப் பார்த்தேன்.
லானியைத் திரும்ப எடுத்தாயா?
"வாரத்துக்கு ரெண்டு நாள். அதுக்கு மேல முடியல.
குழியில்லாத ரோட்டுல டயர் எங்கே வெடிக்குது?
அதுவும் உங்க ஆளுங்க செஞ்ச வேலை."
இருவருமே சிரித்துவிட்டோம்,
யார் முதலில் என்று தெரியவில்லை.

அவன் வண்டியைக் கிளப்பினான்.
பழக்க தோஷத்தில் என் வலது கை
வெறுமனே கொஞ்சம் உயர்ந்தது.
அவனும் பழக்க தோஷத்தில்
பிரேக்கை மிதித்தான்.