ஆண்டறிக்கைக்கு ஒரு பக்கம்

பீடாதிபதி வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்,
வரலாற்றுத்துறையின் சாதனைகள்,
ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்.

றொமில்டாவுக்குக் கலாநிதிப் பட்டம். எழுதியாயிற்று.

மூன்றாம் வருடத்து நிதர்சனன்,
கொழும்பு ஆய்வரங்கில் முதற்பரிசு.
தலைப்பு: ஒல்லாந்தர் தோம்பில் சாயவேர் கிண்டியவர்கள்.
இரவல் சப்பாத்து கடிக்கக் கடிக்க
அவன் மேடை ஏறியதை
எந்தக் கூட்டில் நிரப்புவது?

ஊர்காவற்றுறையில், மழை விட்டபின்,
நண்டு வளையோரம் கௌசிகா எடுத்தது
ஒரு பானையோட்டுத் துண்டு.
நாலு எழுத்து.
மூன்றைப் படித்துவிட்டோம்.
நாலாவதால் இரண்டு பேராசிரியர்கள்
இன்னும் ஒரு மேசையில் தேத்தண்ணி குடிப்பதில்லை.

முர்ஷிதாவின் ஆய்வேடு
தொண்ணூறில் சோனகதெருவில் பூட்டிய வீடுகளின்
திறப்புகளைப் பற்றியது.
புத்தளத்திலிருந்து திரும்பி வந்தவை நாற்பத்தொன்று.
பின்னிணைப்பில் ஒவ்வொன்றும் உண்மை அளவில்.
சில வீடுகளுக்கு இப்போது கதவில்லை.
சிலதுக்கு வீடே இல்லை.
வாய்மொழித் தேர்வில் வெளிவாரிப் பரீட்சகர்
கேள்வி கேட்க வாய் திறந்து
தண்ணீர் கேட்டார்.
சுருக்கமாக எழுதினேன்: அதிவிசேட சித்தி.

பக்கம் முடிந்துவிட்டது.
படிவத்தின் அடியில் இன்னொரு வரி கிடக்கிறது,
அடுத்த ஆண்டின் இலக்கு.

நாலாவது எழுத்து,
என்று போட்டுக்
கையொப்பம் வைத்தேன்.