தந்தை / தாய் / பாதுகாவலர்

ஜூன். பள்ளி திறக்கும் நாள்.
ஓட்டேரியில் சாலை நெடுகத் தகர வேலி,
உள்ளே பூமியைக் குடைகிறார்கள்.
வெளியே ஒரே ஒரு ஆட்டோ அகலத்தில்
ஊரே ஊர்ந்து வருகிறது.
எல்லாருக்கும் முன்னால் வந்து
ஜன்னலைத் திறக்க வேண்டிய நானே
ஏழு நிமிடம் தாமதம்.
மெட்ரோவை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
பக்கத்து ஸ்கூட்டிக்காரரும் திட்டினார்.
அந்த ஒரு விஷயத்தில்
எங்கள் பேட்டைக்குள் அப்படியொரு ஒற்றுமை.

வாடகைக்குச் சொன்னது நூறு நாற்காலி,
வந்து இறங்கியது எழுபத்திரண்டு.
மீதி "வந்துட்டே இருக்கு மேடம்."
அதே வேலி ஓரத்தில் எங்கோ
ஒரு குட்டியானை முதுகில்.

தலைமையாசிரியை மூன்று பக்கம் எழுதிவைத்திருந்தார்.
"பெற்றோர்களே, வருக" என்று தொடங்கி
அடுத்த வருகவுக்கு வாய் திறக்கையில்
கரண்ட் போனது.
மைக் செத்த பிறகும் அவர் உதடுகள்
கொஞ்ச நேரம் வரவேற்றுக்கொண்டே இருந்தன.
அதற்குள் கூட்டம் சுவர்ப் பக்கம் சாய்ந்துவிட்டது.
பசை காயாத பெயர்ப் பட்டியல்.
தன் பெயரைக் கண்டுபிடித்துத் துள்ளிய ஒருத்தி
தோழி பெயரை இ பிரிவில் கண்டு
துள்ளலைப் பாதியில் நிறுத்தினாள்.

இனி என் ஜன்னல்.
படிவத்தில்
தந்தை, தாய், பாதுகாவலர்
மூவருக்கும் சேர்த்து ஒரே கோடு.

பூபாலனோடு வந்தது பிளஸ் டூ அக்கா.
தம்பி படிவத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு
தன் படிவத்தை நீட்டிக் கேட்டாள்:
"இதுக்கு யாரு போடணும்?"

ஷாகிராவுக்கு அம்மா, இரண்டு மாமா, ஒரு சின்னம்மா.
ஒருவரிடமும் பேனா இல்லை.
என் பேனா போனது போனதுதான்.

ஜெர்சன் அப்பா அவசரப்படுத்தினார்.
இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கிறதாம்,
யாரோ ஒரு வக்கீல் சட்டை பாதியில் கிடக்கிறதாம்.

அடுத்து
சோனாலி மாஞ்சி, ஒன்பதாம் வகுப்பு.
பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டபடி ஒரு பெண்.
"அம்மாக்குத் தமிழ் வராது மேடம்.
என்னாண்ட கேளுங்க."
சுத்தமான புளியந்தோப்புத் தமிழ்.

"அப்பா வரலியா?"
"ஷிஃப்ட்டு."
"என்ன வேலை?"
கையை நீட்டினாள்,
ஜன்னலுக்கு வெளியே, மதிலுக்கும் வெளியே,
தகர வேலி நின்ற திசையில்.
"அங்கதான். கீழ."

வரிசையில் பின்னால் ஒருவர்
"அந்தப் பாழாப்போன பள்ளத்தால..." என்று
ரொம்ப நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்
இருமினார்.
நான் காலையில் சொன்னதெல்லாம்
யார் காதிலும் விழுந்திருக்காது.
என் காதில் மட்டும் இன்னொரு முறை விழுந்தது.

தொழில் என்ற இடத்தில்
என்ன எழுதுவது என்று யோசித்தேன்.
"சுரங்கப் பணி" என்று எழுதினேன்.
அவள் அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள்.
அம்மா ஏதோ சொன்னாள், நீளமாக.
மகள் சிரித்தாள்.
"அப்பா சொல்லினு இருந்தாராம்,
இன்னைக்கு மெஷினு இஸ்கூலுக்கு நேர் கீழ வருதாம்.
அதனால அவரும் வந்த மாரிதானாம்."

இருக்காது.
பாதை கோயில் பக்கமாக வளைந்து போகிறது,
வேலியில் ஒட்டிய வரைபடத்தில் பார்த்திருக்கிறேன்.
நான் எதுவும் சொல்லவில்லை.
தாயின் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு
மை துடைக்கத் துணி கொடுத்தேன்.

மீதி நாற்காலிகள் பன்னிரண்டரைக்கு வந்தன.
மைதானத்தில் ஒரு காக்கையும்
யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலும்.
இருபத்தெட்டையும் எண்ணி வாங்கினேன்,
கணக்கு கணக்குதான்.
அப்போது கரண்ட் வந்தது.
அணைக்க மறந்த மைக்
கொர்ரென்று ஒரு முறை தொண்டையைக் கனைத்தது.

செருப்புக்கு அடியில்
தரை லேசாக அதிர்ந்தது.
லாரியாக இருக்கலாம்.